எங்க காலேஜ், அவங்க காலேஜ்

போன ஜனவரியில், குளிர் கொஞ்சம் விட்டிருந்த ஒரு மதியம், பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் தன் திராட்சைப் பந்தல் கம்பங்களைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நானும் போய் நின்றேன். கம்பத்தில் சேற்றை அப்பிக் காயவிட்ட மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. ஸ்பாட்டட் லேன்டர்ன்ஃபிளை என்ற பூச்சியின் முட்டைகள். ஒரு திட்டில் முப்பது, ஐம்பது இருக்கும். அமெரிக்காவில் இந்தப் பூச்சியை முதன்முதலில் கண்டது 2014இல், எங்கள் பென்சில்வேனியா மாநிலத்தின் பெர்க்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). திராட்சைக் கொடியின் சாற்றை உறிஞ்சி உறிஞ்சியே கொடியைச் சாகடித்துவிடும்.

கையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. அதைக் கம்பத்தோடு அழுத்தி, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. உதிர்வதை ஏந்திக்கொள்ள அடியில் ஒரு ஜிப் பை, அதற்குள் ரப்பிங் ஆல்கஹால். ஒரு துகள்கூடக் கீழே விழவிடவில்லை. "சும்மா தரையில தட்டிவிட்டா போதாது. எக்ஸ்டென்ஷன் ஆபீஸ்ல இப்படித்தான் செய்யச் சொன்னாங்க" என்றார்.

அந்த எக்ஸ்டென்ஷன் அலுவலகம் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துடையது. மாநிலத்தின் 67 கவுண்டிகளிலும் விவசாயிகளுக்காக நடத்துகிறார்கள். இதே மனிதர்தான் அதற்கு இரண்டு மாதம் முன்னால், வேலியோரம் நின்று, "காலேஜ்காரங்கதான் இந்த நாட்டைக் கெடுத்தது" என்று என்னிடம் சொன்னவர். நான் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு நான் பதில் பேசவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை.

கல்லூரிகள்மேல் ஜனங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதைக் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் அளந்து வருகிறது. 2015இல் உயர்கல்வியைப் பெரிதும் நம்புவதாகச் சொன்னவர்கள் 57 சதவீதம். 2023இல் 36. கட்சிவாரியாகப் பிரித்தால்தான் வயிற்றைப் பிசைகிறது: குடியரசுக் கட்சிக்காரர்களிடம் 56 ஆக இருந்தது 19 ஆகிவிட்டது. ஜனநாயகக் கட்சிக்காரர்களிடமும் இறக்கம்தான், ஆனால் 68இலிருந்து 59. 2025இல் மொத்தம் 42க்கு ஏறியது. கட்சிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி மட்டும் இன்னும் பெரிதாகவே நிற்கிறது.

இந்த எண்களை வகுப்பில் போட்டுக் காட்டினேன். வழக்கமாகப் பேசாத ஒரு பையன் கேட்டான்: "உயர்கல்வின்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு மனசுல வருமே மேடம், எதை அளந்தாங்க?" ஒரு செமஸ்டர் முழுக்க நான் சொல்லிக்கொடுக்க நினைத்ததை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டான். ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, அந்தச் சொல்லைக் கேட்டதும் முதலில் தோன்றுவதை எழுதச் சொன்னேன். "கடன்" என்று எழுதியவர்கள்தான் அதிகம். இரண்டு பேர் "ஹார்வர்ட்". ஒருவர் "ஃபுட்பால்". ஒரு சீட்டில் "அம்மாவின் நர்ஸ் யூனிஃபார்ம்" என்று இருந்தது. அந்தச் சீட்டை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பெரியவரின் மனதில் இருப்பது டிவியில் வரும் கல்லூரி. 2023 டிசம்பரில் ஹார்வர்ட், பென்சில்வேனியா பல்கலைக்கழகம் (பென் ஸ்டேட் இல்லை, இது வேறு), எம்.ஐ.டி. ஆகியவற்றின் தலைவர்கள் நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, நேரான கேள்விக்கு வக்கீல் பாஷையில் பதில் சொன்ன காட்சியை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பாரோ. தோட்டத்தில் கைகொடுப்பது வேறொரு கல்லூரி. அதற்கு அவர் மனதில் கல்லூரி என்ற பெயரே இல்லை. அது "எக்ஸ்டென்ஷன்", அவ்வளவுதான்.

வரலாற்றை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. 1862 ஜூலை 2ஆம் தேதி லிங்கன் கையெழுத்திட்ட மோரில் சட்டம்தான், மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து, விவசாயமும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரிகளுக்கு வழிசெய்தது. கொண்டுவந்த மோரிலும் குடியரசுக் கட்சிக்காரர், லிங்கனும் அதே கட்சி. (அந்த நிலம் பழங்குடி மக்களிடமிருந்து பிடுங்கியது. அதைத் தனியாக எழுத வேண்டும்.) பென் ஸ்டேட் 1855இல் தொடங்கியபோது அதன் பெயரே 'விவசாயிகளின் உயர்நிலைப் பள்ளி'.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லியாக வேண்டும். கல்விக்கடன் இந்த நாட்டில் ஒன்றரை டிரில்லியன் டாலரைத் தாண்டிவிட்டது. படிப்பை முடிக்காமலே கடனோடு வெளியேறியவரிடம் போய்க் கல்லூரியை நம்பு என்று எந்த வாயால் சொல்வது? அதைவிட என்னைச் சுடுவது ஏளனம். சக ஆசிரியர் ஒருவர் எங்கள் ஓய்வறையில், "அவங்களுக்குப் புரியவைக்க முடியாது, விட்டுடுங்க" என்றார். "அவங்க" என்றால் எங்கள் மாணவர்களின் அப்பா அம்மாக்கள். கல்லூரிக்கு வந்திருந்த ஒரு தகப்பனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என் பொண்ணு படிச்சு முடிச்ச பிறகு எங்களைப் பத்தி என்ன நினைப்பா?" என்று கேட்டார். அதில் கட்சி எங்கே இருக்கிறது? எந்த அப்பாவும் கேட்கக்கூடிய கேள்வி. நாம் அதற்கு மரியாதையாகப் பதில் சொல்லாவிட்டால், வேறு யாராவது வந்து அவர் பயத்துக்குத் தீனி போடுவார்கள்.

2025 மே மாதம் பென் ஸ்டேட் தன் ஏழு கிளை வளாகங்களை மூட முடிவெடுத்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்துபோனது, செலவு கட்டுப்படியாகவில்லை. 2027 வசந்தகாலப் பருவத்தோடு சரி. அதில் எங்கள் பக்கத்து மான்ட் ஆல்டோவும் ஒன்று; 1903இல் வனத்துறைப் பள்ளியாகத் தொடங்கிய இடம். கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஜனங்கள் கண்ணால் பார்த்து நம்பியது அந்தச் சின்ன வளாகத்தைத்தான்.

பை நிறைந்ததும் பெரியவர் அதை இறுக்கி மூடினார். பேத்திக்கு நர்ஸிங் படிக்க ஆசை என்றார். "மான்ட் ஆல்டோவுல சேர்க்கலாம்னு இருந்தோம். மூடுறாங்களாமே, அநியாயம்."

"காலேஜ்காரங்க நாட்டைக் கெடுக்கிறாங்கன்னு சொன்னீங்களே?" நான் சண்டைக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

அவர் யோசித்தார். "அது அவங்க காலேஜ். இது எங்க காலேஜ்."

அடுத்த வாரம் அவர் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, பேத்திக்கும் அவள் அம்மாவுக்கும் ஃபாஃப்ஸா விண்ணப்பத்தில், அதாவது கல்லூரிப் படிப்புக்கு அரசிடம் பண உதவி கேட்கும் விண்ணப்பத்தில், உதவினேன். வருமான வரித் தாளைப் பார்த்து எண்களை அவள் அம்மா ஒவ்வொன்றாக வாசித்தாள். வசதி குறைந்தவர்களுக்கு அரசு தரும், திருப்பிக் கட்ட வேண்டாத பெல் உதவித்தொகை முழுசாகக் கிடைத்தால் வருஷத்துக்கு 7,395 டாலர் என்றதும், பெரியவர் அதை நாட்காட்டியின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தினம் வீட்டுக்கு வந்துட்டுப் போற தூரத்துல வேற எங்க இருக்கு?"

லேப்டாப்பில் வரைபடத்தைத் திறந்தேன். ஒவ்வொரு கல்லூரிக்கும் எத்தனை மைல் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் எழுத ஆரம்பித்தார்.