மேரி கோமோட பெரிய ஜெயிப்பு எது? எங்க செக்கிங் டேபிள் பட்டிமன்றம்

திருப்பூர் பனியன் கம்பெனில வேலய விட எச்சா ஓடறது பேச்சுதாங்க. மிசின் சத்தத்துக்கு மேல கத்திப் பேசிப் பழகிப் போனதால வெளிய டீக்கடைல நின்னு நலம் விசாரிச்சாக்கூட பாக்கறவங்களுக்கு சண்ட போடறாப்பல இருக்கும். நான் அங்கேரிபாளையம் ரோட்டுப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில குவாலிட்டில இருந்தேன், எங்க செக்கிங் டேபிள்ல கிரிக்கெட், தேர்தல், நூல் வெல, யாரு வூட்டு சீர் எவ்வளவுன்னு பேசாத பேச்சு கெடையாது. ஆனா அங்க நெம்ப நாளு இழுத்த பட்டிமன்றம் எதுன்னா பாக்ஸிங் பத்தினது, அதுவும் அங்க இருந்ததுல பாதிப் பேரு அதுக்கு முன்னாடி ஒரு பாக்ஸிங் மேட்ச் கூட முழுசாப் பாத்ததில்ல.

2021 ஜூலை கடைசி. ரெண்டாவது அலை லாக்டவுன் முடிஞ்சு கம்பெனி திரும்ப ஓட ஆரம்பிச்ச நேரம், ஊருக்குப் போன வடக்கத்தி ஆளுங்க பாதிப் பேரு இன்னும் வந்து சேரல, லைன்ல பத்து மிசின் இருந்தா நாலு மேல துணி போத்திக் கெடக்கும். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்துட்டு இருந்துச்சு. 29ஆம் தேதி வியாழக்கெழம சாயங்கால டீக்கு முன்னாடியே எங்க செக்கிங்ல இருந்த மணிப்பூர் தம்பி செல்போன ஒரு பீஸ் மேல சாச்சு வெச்சுட்டான், மேரி கோம் மேட்ச். எதிர்ல கொலம்பியாவோட இங்கிரிட் வலென்சியா. மேரி ஏற்கனவே ஜெயிச்ச ஆளு, 2019 உலக சாம்பியன்ஷிப்புல கூட காலிறுதில 5-0ன்னு ஜெயிச்சிருக்காங்க. அந்த தைரியத்துலதான் எல்லாரும் பாத்துட்டு இருந்தோம். 3-2ன்னு தோத்துட்டாங்க.

தோத்தத விட எங்க ஆளுகளுக்கு ஆறாம போனது ஜெர்ஸி விசயம். மேட்ச் தொடங்கறதுக்கு சித்த முன்னாடி மேரிய ஜெர்ஸிய மாத்தச் சொல்லிட்டாங்க, முதுகுல முதல் பேரு மட்டுந்தான் இருக்கோணுமாம், அவங்களுதுல மேரி கோம்னு முழுசா இருந்துச்சுன்னு பேரே இல்லாத ஒண்ணக் குடுத்து ஏத்தி விட்டுட்டாங்க. இதெல்லாம் வேற ஊர்ல பேப்பர்ல படிச்சுட்டு விட்டுருவாங்க. திருப்பூர்ல விடுவாங்களா? பிரிண்டிங்ல இருந்து ஒரு அண்ணன் கை பூரா சாயத்தோட வந்து, "ஏனுங், பிரிண்ட் தப்புன்னா பீஸ ரிஜெக்ட் பண்ணுவாங்க, ஆளயேவா ரிஜெக்ட் பண்ணுவாங்க"ன்னு கேட்டாரு. ஆர்ட்வொர்க் அப்ரூவல் யாரு குடுத்தா, யாரு செக் பண்ணாம விட்டான்னு கடைசில பேச்சு என்கிட்ட வந்து நிக்குது, என்னமோ நாந்தான் டோக்கியோவுக்கு குவாலிட்டி பாத்து அனுப்புனாப்பல.

அதுக்குள்ள ஓவர்லாக் தையல் மிசின் ஓட்டற அக்கா ஒரு கேள்வி கேட்டுச்சு, ரெண்டாவது ரவுண்டும் மூணாவது ரவுண்டும் மேரிதான ஜெயிச்சுது, மூணுல ரெண்டு ஜெயிச்சா ஜெயிப்புத்தானன்னு. நாயமான கேள்வி. அஞ்சு ஜட்ஜுக தனித்தனியா மார்க் போடறாங்க, ரவுண்டு ஜெயிச்சவங்களுக்கு 10, தோத்தவங்களுக்கு 9 இல்லாட்டி அதுக்கும் கம்மி, கடைசில ஒவ்வொரு ஜட்ஜும் போட்ட மூணு ரவுண்டயும் கூட்டிப் பாத்து யாரு பக்கம் எச்சு ஜட்ஜுன்னுதான் பாப்பாங்க. மொத ரவுண்டுல நாலு ஜட்ஜு வலென்சியாவுக்குப் போட்டுட்டாங்க, அந்தக் கடன பின்னாடி ரெண்டு ரவுண்டும் 3-2ன்னு எடுத்தும் அடைக்க முடியல. ரிங்குல மேரி தான் ஜெயிச்சதா நெனச்சுட்டுத்தான் எறங்குனாங்க, தோத்தது பின்னாடிதான் தெரிஞ்சுது. 38 வயசு வேற. அமெச்சூர் பாக்ஸிங்ல 40ஓட கதவ சாத்திருவாங்க, அடுத்த ஒலிம்பிக்ஸ் கெடையாது.

அன்னிக்குத்தான் யாரோ, இத்தன வருசம் ஆடுனதுல அவங்களோட பெரிய ஜெயிப்பு எதுன்னு ஒரு பேச்ச எடுத்து விட்டாங்க. தீந்துச்சு சோலி.

சூப்பர்வைசர் அண்ணன் கணக்குல ஸ்ட்ராங்கான ஆளு, அவரு 2018 டெல்லின்னு ஒரே போடாப் போட்டாரு. ஆறாவது உலகத் தங்கம், பொம்பளைங்கள்ல வேற யாரும் அப்ப அதத் தொடல, ஃபைனல்ல உக்ரைன் புள்ள ஹன்னா ஒகோட்டாவ 5-0. மேரிக்கு 35, எதிர்ல நின்ன புள்ளைக்கு 22. எட்டு வருசத்துக்கு முன்னாடி 2010ல பார்படாஸ்ல வாங்குனதுதான் அஞ்சாவது, நடுவுல 2016 ரியோ ஒலிம்பிக்ஸுக்கு குவாலிஃபை கூட ஆகல, அவ்வளவுதான்னு நெனச்சப்ப வந்து அடிச்சாங்கன்னு அண்ணன் பேசறப்ப மறுத்துப் பேச வாய் வரல. அந்த வருசமே போலந்துல ஒரு போட்டிக்குப் போயி எடை பாக்கறதுக்கு நாலு மணி நேரம் இருக்கறப்ப ரெண்டு கிலோ எச்சா இருந்து, ஸ்கிப்பிங் கயிறு எடுத்து ஒரு மணி நேரம் குதிச்சு எறக்கி, அங்கயும் தங்கம் வாங்கிட்டு வந்ததச் சொன்னதும் அயனிங்ல இருந்த மாஸ்டர் தன் வயித்தத் தடவிப் பாத்துக்கிட்டாரு.

மெர்ச்சண்டைசர் பையன் லண்டன் வெண்கலம்னான். 2012, பொம்பளைங்க பாக்ஸிங்க ஒலிம்பிக்ஸ்ல சேத்த மொத வருசம், நாடே பாத்துச்சு, அதுக்கப்பறந்தான் ஊர்ப்பட்ட பேருக்கு மேரி கோம்னா யாருன்னே தெரியும். சரிதான், ஆனா அது நம்மளுக்குத் தெரிஞ்ச நாளே ஒழிய அவங்க ஜெயிச்ச நாளு இல்ல. அதுக்கு முன்னாடியே அஞ்சு தடவ உலக சாம்பியன். அந்த வெண்கலம் வந்ததே செமி ஃபைனல்ல பிரிட்டன் நிக்கோலா ஆடம்ஸ்கிட்ட 6-11ன்னு தோத்ததுக்கப்பறம், தோத்த மேட்ச்சப் போயி பெரிய ஜெயிப்புங்கறதான்னு அண்ணன் அவன உண்டு இல்லைன்னு பண்ணிட்டாரு.

அயனிங் மாஸ்டரு 2019 டிசம்பர் டிரயல்ஸ்னாரு, ஒலிம்பிக்ஸ் குவாலிஃபையருக்கு யார அனுப்பறதுன்னு வெச்சது, அதுல நம்மூரு பாக்ஸர் நிகத் ஜரீன 9-1ன்னு ஜெயிச்சது. அவருக்கு அதுல கை குடுக்காம போனாங்க பாத்தீங்களா அதுதான் கெத்து. எனக்கு அது புடிக்கல, அப்பயும் புடிக்கல இப்பயும் புடிக்கல. அந்தப் புள்ள கேட்டது ஒரு டிரயல், அது கேக்கற உரிமதான, ரிங்குல ஜெயிச்சாச்சு, கையக் கொடுத்துட்டுப் போனா என்ன கொறஞ்சிரும். அந்த நிகத்தே 2022லயும் 2023லயும் உலக சாம்பியன் ஆயிட்டாங்க. மேரி கோம் மேல எவ்வளவு மரியாத இருந்தாலும் அத மட்டும் எங்க வரிசைல சேக்க விடமாட்டேன்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன்.

ஓவர்லாக் அக்காதான் ஆட்டத்த மாத்துச்சு. அதுக்கு ஸ்கோரெல்லாம் தெரியாது, நாங்க பேசப் பேச கேட்டுக்கிட்டே பீஸ் தள்ளிட்டு இருந்துச்சு. மேரிக்கு எரட்டப் புள்ள எப்பப் பொறந்துச்சுன்னு கேட்டுச்சு. 2007 ஆகஸ்ட்னான் மணிப்பூர் தம்பி. திரும்ப எப்ப ஜெயிச்சாங்க? 2008ல கவுகாத்தில ஆசிய சாம்பியன்ஷிப்புல வெள்ளி, அந்த வருசக் கடைசில சீனால நிங்போல உலகத் தங்கம், ருமேனியாவோட ஸ்டெலுட்டா டூட்டாவ ஜெயிச்சு. "அப்ப அதுதாங் பெருசு, இதுக்கெதுக்கு இத்தன பேச்சு"ன்னு அக்கா மிசின நிறுத்திப்போட்டுச் சொல்லுச்சு. அது சொன்னதுல ஒரு விசயம் இருக்குங்க. எங்க லைன்ல புள்ள பெத்துட்டுத் திரும்பி வர்ற பொண்ணுகள நான் பாத்திருக்கேன், நல்லா ஓவர்லாக் அடிச்சுட்டு இருந்த புள்ளைய, கை பழகட்டும் அம்மிணின்னு சொல்லி துணி மடிச்சுக் குடுக்கற கைமடில உக்கார வெச்சிருவாங்க, டைலர் சம்பளம் போயி ஹெல்பர் சம்பளம், திரும்ப மிசின் கெடைக்கறதுக்குள்ள அடுத்த சீசனே வந்துரும். அக்காவும் அப்புடி உக்காந்து எந்திரிச்ச ஆளுதான். ஒருத்தி எரட்டப் புள்ளைய பெத்து வளத்துட்டு அதே சாம்பியன் எடத்துல நேரா வந்து உக்காந்தாள்னா, அத பொம்பளைங்க பாக்கற பார்வை வேற. செக்கிங்ல இருந்த பொம்பளைங்க அத்தன பேரும் அக்கா பக்கம் சாஞ்சுட்டாங்க, ஓட்டெடுத்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

ஆனா நான் ஒத்துக்கல. என் கட்சி வேற, அதுக்கு ஆளே இல்ல. லண்டன்ல மொத மேட்ச், 2012 ஆகஸ்ட் 5, போலந்தோட கரோலினா மிஹால்சுக்கோட ஆடுனது, 19-14. அது ஜெயிச்சா மெடல் கெடையாது, காலிறுதிக்குப் போலாம், அவ்வளவுதான், அதனாலயே யாருக்கும் ஞாபகம் இல்ல.

எதுக்கு அதச் சொல்றேன்னா எடை. ஒலிம்பிக்ஸ்ல பொம்பளைங்களுக்கு மூணே மூணு எடைதான் வெச்சாங்க, 51, 60, 75. மேரி 45லயும் 46லயும் 48லயும் தங்கம் வாங்குன ஆளு, அவங்க அளவே அங்க இல்ல, தின்னு ஒடம்பு ஏத்தி 51க்குப் போகோணும். மிஹால்சுக் எங்கிருந்து வர்றாங்க? அக்கா சொல்ற அதே நிங்போ 2008ல 54 கிலோல உலக சாம்பியன். அதாவது ஒரே ஊர்ல ஒரே போட்டில ஒருத்தரு 46ல தங்கம், இன்னொருத்தரு 54ல தங்கம், நாலு வருசங் கழிச்சு ரெண்டு பேரும் 51ல எதிரெதிரா நிக்கறாங்க. ஒருத்தரு ஏறி வந்தவங்க, ஒருத்தரு எறங்கி வந்தவங்க, தராசு ரெண்டு பேருக்கும் ஒரே நம்பரத்தான் காட்டுது.

இத எங்க ஆளுகளுக்குப் புரிய வெக்க நான் வெளிய போக வேண்டியதில்ல. ஜிஎஸ்எம்னா ஒரு சதுர மீட்டர் துணி எத்தன கிராம்ங்கற கணக்கு, அதுக்குன்னு இருக்கற கட்டர எடுத்து துணி மேல வெச்சு அழுத்தித் திருகுனா உள்ளங்கை அகலத்துக்கு வட்டமா ஒரு துண்டு வரும், நூறு சதுர சென்டிமீட்டரு, அத சின்னத் தராசுல போட்டு 1.60 கிராம் காட்டுனா 160 ஜிஎஸ்எம்முன்னு எழுதிக்குவோம். கனத்த துணிய அகலத்துல இழுத்து விட்டு 160க்கு எறக்கலாம், இளந்துணிய காம்பாக்டிங்ல நெருக்கி 160க்கு ஏத்தலாம், தராசுல ரெண்டும் ஒண்ணுதான், ஒரு தண்ணி அலசிக் காயப் போட்டா எது என்ன வண்டவாளம்னு தெரிஞ்சிரும். இழுத்து விட்ட துணி சுருங்கி பழைய கனத்துக்கே போயிரும். மிஹால்சுக் அப்புடித்தான், 51னு எழுதிருந்தாலும் அந்தக் கையும் தோளும் 54 கிலோக்காரியோட கையும் தோளும், மேரிய விட உயரம் வேற. அந்த ஆளுகிட்ட எடது கைக்காரி மேரி உள்ள பூந்து அடிச்சுட்டு அடி வாங்கறதுக்குள்ள வெளிய வந்து, மறுபடி பூந்து, நாலு ரவுண்டும் அப்புடியே ஆடி அஞ்சு பாயிண்ட் எச்சா எடுத்தாங்க. ஒலிம்பிக்ஸ் எடம் கெடச்சதே கூட நேரா ஜெயிச்சு இல்லீங்க, அந்த மே மாசம் சீனால உலக சாம்பியன்ஷிப் காலிறுதில ஆடம்ஸ்கிட்ட தோத்து, ஆடம்ஸ் மேல போனதால இவங்களுக்கு எடம் கெடச்சுது. 51ல இந்தம்மா தாங்குவாங்களான்னு ஒரு சந்தேகம் ஓடிட்டே இருந்துச்சு. அந்தச் சந்தேகத்த முடிச்சு வெச்ச மேட்ச் இது. அடுத்த நாளு துனிசியாவோட மரூவா ரஹாலிய 15-6ன்னு ஜெயிச்சு மெடல உறுதி பண்ணது, இதோட பாத்தா லேசு.

சூப்பர்வைசர் அண்ணன், "மெடலே இல்லாத மேட்ச் ஒரு மேட்சா போப்பா"ன்னு அக்கட்டால போயிட்டாரு. அக்காகிட்ட மட்டும் நான் ஒண்ணு சொன்னேன், அந்த ஆகஸ்ட் 5தான் எரட்டப் பசங்களோட பொறந்த நாளு, அஞ்சு வயசு முடிஞ்சுது, அம்மா லண்டன்ல ரிங்குல நிக்கறாங்கன்னு. அக்கா கொஞ்ச நேரம் ரோசன பண்ணுச்சு. "அப்ப உன்ற மேட்ச்சுக்கும் புள்ளைகதான் காரணங்கற"ன்னுச்சு. நான் அப்புடிச் சொல்லவே இல்ல, ஆனா அன்னில இருந்து என் ஓட்டையும் தன் கணக்குல சேத்துக்கிட்டு, ரெண்டு ஓட்டு ஆச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சுது.

இதெல்லாம் பேசிட்டு இருக்கறப்ப மணிப்பூர் தம்பி வருசமும் பேரும் மட்டும் எடுத்துக் குடுத்துட்டு இருந்தான், தன் கட்சி எதுன்னு சொல்லவே இல்ல. அந்த ஜூன்லதான் டிங்கோ சிங் செத்துப் போயிருந்தாரு, 1998 பாங்காக் ஆசிய வெளையாட்டுல பாக்ஸிங் தங்கம் வாங்குன மணிப்பூர்க்காரரு, அவரப் பாத்துத்தான் மேரி கையில கிளவுஸ் மாட்டுனது, அவரு போனதுல இருந்தே தம்பி கொஞ்சம் சோர்வாத்தான் இருந்தான். ரெண்டு மூணு நாளு கழிச்சு சனிக்கெழம சம்பளம் வாங்க வரிசைல நிக்கறப்ப என்கிட்ட சொன்னான், "அண்ணா, 2000. ஸ்டேட் சாம்பியன்ஷிப்." அந்தப் புள்ள வூட்டுக்குத் தெரியாமத்தான் பாக்ஸிங் கத்துக்கிட்டு இருந்துச்சு, அந்தப் போட்டில ஜெயிச்சு பேப்பர்ல போட்டோ வந்து, அதப் பாத்துத்தான் காங்கதேய் கிராமத்துல இருந்த அப்பாவுக்கே சங்கதி தெரிஞ்சுது. மூஞ்சி போச்சுன்னா கல்யாணம் ஆகாதுன்னு அப்பா திட்டுனாரு, அப்பறம் விட்டுட்டாரு. அது நடக்கலைன்னா டெல்லி ஏது, நிங்போ ஏது, உங்க லண்டன் ஏதுங்கறான்.

அது ஆரம்பம்டா தம்பி, எல்லா பிளேயருக்கும் ஒரு ஸ்டேட் மேட்ச் இருக்கும், அதப் போயி பெருசுங்க முடியுமான்னேன்.

"உங்க போலந்து மேட்ச்சுலயும் மெடல் கெடையாதுல்ல"ன்னான்.

அதுக்குள்ள அவன் டோக்கனக் கூப்புட்டுட்டாங்க, கையெழுத்துப் போடப் போயிட்டான். திங்கக்கெழம வந்ததும் மொத வேலயா அவன்கிட்ட 51 கிலோ கணக்க மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சேன், அவன் காதுல ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு பீஸ் பாத்துட்டு இருந்தான்.