நலம் விசாரிக்க வந்த ரொட்டி

எங்கள் பக்கம் ஒருவர் உடம்பு முடியாமல் படுத்துவிட்டார் என்றால், பார்க்க வருகிறவர் கையில் ஒரு பாக்கெட் ரொட்டியாவது இருக்கும். கொஞ்சம் நெருக்கமானவர் என்றால் ரஸ்க். அதற்கும் மேல் என்றால் மால்ட் பானப் புட்டி. 2021 தொடக்கத்திலிருந்து ஒன்றரை ஆண்டு நான் மெலிந்துகொண்டே போன காலத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் இவை மூன்றும் தீர்ந்ததே இல்லை. அன்போடு வந்ததை வீணாக்கக் கூடாது என்று நானே தின்று தீர்த்தேன்.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். கணவருக்குச் சர்க்கரை வந்த பிறகு வீட்டில் இரவுச் சாப்பாடு சப்பாத்தியாக மாறியது. அவர் ஒருவருக்காகத் தனியாக அடுப்பு மூட்ட வேண்டாமே என்று எல்லோருக்கும் அதுவே. களிச் சட்டியும் துடுப்பும் பரணுக்குப் போயின. அதுவரை கோதுமை எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளி. விசேஷ நாளில் பூரி, அவசரத்துக்கு ரவை உப்புமா, அவ்வளவுதான்.

முதலில் வயிறு உப்பியது. பிறகு வயிற்றுப்போக்கு, வாய்ப்புண், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கல். 54 கிலோவிலிருந்து 43க்கு வந்தேன். ஹீமோகுளோபின் 7.6. இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் அந்த எண் அசையவில்லை. பூச்சி மருந்து கொடுத்தார்கள், அமீபாவுக்குக் கொடுத்தார்கள், குடல் காசநோயோ என்று ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு மருத்துவர், "வீட்டில் ஏதாவது மனக்கவலையா?" என்று கேட்டார். வயிறு இப்படி இருந்தால் யாருக்குத்தான் கவலை இருக்காது! அவர்களைக் குறை சொல்லி என்ன? எனக்கு வந்தது செலியாக், கோதுமை அதிகம் உண்ணும் வட மாநிலங்களில் கூடுதலாகக் காணப்படும் குடல் நோய். தர்மபுரிக்காரியைப் பார்த்ததும் அந்தப் பெயர் நினைவுக்கு வராததில் வியப்பில்லை.

இதற்கிடையே நானாகவே ஒன்றைக் கவனித்திருந்தேன். சப்பாத்தி சாப்பிட்ட மறுநாள் மோசம். சோறு மட்டும் தின்றால் சற்றுத் தேவலை. அதனால் கோதுமையை விட்டுவிட்டேன். அலமாரி ரொட்டியைக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். நாலைந்து மாதம் கழித்துத்தான் ரயிலேறி பெங்களூருவில் ஒரு குடல் நோய் நிபுணரிடம் போனேன். அவர் டிடிஜி–ஐஜிஏ என்ற ரத்தப் பரிசோதனை எழுதினார். இந்த நோயில் ரத்தத்தில் கூடும் ஓர் எதிர்ப்புப் புரதத்தை அளப்பது அது. முடிவு ஏறக்குறைய இயல்பாகவே வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, இதுவும் இல்லையா என்று.

அவர் அழவில்லை, கேள்வி கேட்டார். கடைசியாகக் கோதுமை தின்றது எப்போது? சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். கோதுமையை நிறுத்தினால் அந்த எதிர்ப்புப் புரதமும் மெல்ல இறங்கிவிடுமாம். நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாமாம். இனி ஆறு வாரம் தினமும் இரண்டு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்றார். இதைப் படிக்கிற யாருக்காவது இதே சந்தேகம் இருந்தால் இந்த ஓரிடத்தில் மட்டும் நின்று படியுங்கள்: பரிசோதனை முடியும் வரை நீங்களாகக் கோதுமையை நிறுத்தாதீர்கள். நான் அந்த ஆறு வாரத்தை எப்படிக் கடந்தேன் என்று எழுத விருப்பமில்லை. பள்ளியில் கழிப்பறைக்கு அடுத்த வகுப்பை எனக்கு மாற்றிக் கொடுத்தார் தலைமையாசிரியர். அது போதும்.

இரண்டாம் முறை அளவு மேல் வரம்பைப் போல எட்டு மடங்கு. பிறகு எண்டோஸ்கோப்பி. முந்தின இரவிலிருந்து பட்டினி, தொண்டையில் மரத்துப்போகும் மருந்து. குழாய் இறங்கும்போது குமட்டுகிறதே தவிர, குடலில் துணுக்கு எடுப்பது வலிக்கவே இல்லை. முன்சிறுகுடலிலிருந்து ஆறு துணுக்குகள். அறிக்கையில் 'மார்ஷ் 3' என்று இருந்தது. குடலுறிஞ்சிகள் தட்டையாகிவிட்டன என்று பொருள்.

குடலுறிஞ்சிகள்! பத்தாண்டுகளாகக் கரும்பலகையில் விரல் விரலாக வரைந்து, "இவைதாம் உணவுச் சத்தை உறிஞ்சுகின்றன, எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொன்னவள் நான். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தைக் கண்டால் என் உடம்பின் காவல்படை தன் குடலையே தாக்குகிறது. இரும்பு ஏறாததற்குக் காரணம் அதுதான்; உறிஞ்ச ஆள் இல்லை. இது ஒவ்வாமை இல்லை, விஷமும் இல்லை. இதுதான் செலியாக். மருந்து கிடையாது. குளூட்டனை ஆயுள் முழுக்க விடுவது ஒன்றே வழி. குடல் தேறும் வரை பால் செரிக்காது என்பதால் சில மாதம் பாலும் வேண்டாம் என்றார். ரத்த உறவினருக்கும் வரலாம் என்பதால் பிள்ளைகள் இருவருக்கும் பரிசோதனை செய்தோம், இப்போதைக்கு இல்லை.

ஊருக்குத் திரும்பும் ரயிலில் எனக்குப் பெரிய பயம் ஒன்றும் இல்லை. ராகி விளைகிற மண்ணில் இருந்துகொண்டு கோதுமை இல்லாமல் எப்படி வாழ்வது என்று கேட்டால் என் ஆயா சிரித்திருப்பார். ராகி, சாமை, தினை, வரகு, அரிசி எதிலும் குளூட்டன் இல்லை. பரணிலிருந்து களிச் சட்டி இறங்கியது. காலையில் கூழ், மதியம் களியும் கீரைக் கடைசலும், ஞாயிற்றுக்கிழமை சித்தேரி மலைச் சாமையில் சோறு. கணவரின் சர்க்கரைக்கும் அளவோடு களி போதும் என்று அவருடைய மருத்துவரே சொல்லிவிட்டார். 2023இல் எங்கள் மாவட்டத்து ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியபோது, அது எனக்காகவே வந்த திட்டம் என்று வீட்டில் கேலி செய்தார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் டிடிஜி இறங்கியிருந்தது, ஆனால் போதுமான அளவு இல்லை. எடையும் நான்கு கிலோதான் கூடியிருந்தது. "எங்கோ கசிகிறது, தேடுங்கள்" என்றார் மருத்துவர்.

முதல் திருடன் மாவு மில். எங்கள் தெரு மில்லில் எனக்கு முன்னால் நின்றவர் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார். அவர் மாவு வந்து முடிந்ததும் அதே வாயில் என் ராகி கொட்டப்பட்டது. பையில் முதலில் விழுந்தது யாருடைய மாவு? மில்காரரிடம் விளக்கினேன். "எல்லாம் ஒரே வயிற்றுக்குத்தானே போகிறது டீச்சர்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, விடியற்காலையில் முதல் ஆளாக வரச் சொன்னார். ஆனால் இயந்திரத்துக்குள்ளும் துணிக் குழாயிலும் நேற்றைய கோதுமை ஒட்டிக்கொண்டுதானே இருக்கும்? கடைசியில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் சிறு அரவை இயந்திரம் ஒன்றைத் தவணையில் வாங்கினேன். அரைப்பதற்கு முன் ராகியைச் சல்லடையில் சலிக்கிறேன். ராகி கடுகளவு என்பதால் கீழே இறங்கிவிடும். களத்திலோ மூட்டையிலோ கலந்த கோதுமை மணி மேலே தங்கிவிடும். முதல் முறை சலித்தபோது ஒரு மூட்டையில் பதினேழு மணி. எண்ணினேன். ஆசிரியைப் புத்தி.

இரண்டாம் திருடனைக் கண்டுபிடித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பெருங்காயம். அசல் பெருங்காயம் ஒரு செடியின் பிசின். அதை அப்படியே விற்றால் வீரியம் தாங்காது என்று மாவு சேர்த்துக் கட்டியாக்குகிறார்கள். டப்பாவைத் திருப்பினால், பொடி எழுத்தில் மைதா. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் என்று ஒரு நாளைக்கு நாலு முறை! அளவு சிட்டிகைதான், மில்லா, பெருங்காயமா, எது எவ்வளவு கெடுத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே வாரத்தில் நிறுத்தினேன். இப்போது எங்கள் ரசத்தில் பூண்டு மட்டும். அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, இது இன்றுவரை வருத்தம்தான். எனக்குத் தெரியாமல் ஒரு முறை போட்டார். வாசனையே காட்டிக் கொடுத்துவிட்டது.

கடைப் பொருள்களில் என் விதி எளிது: முன்பக்கத்தை நம்பாதே, பின்பக்கத்தைப் படி. 'ராகி சேமியா' என்று போட்டிருப்பார்கள். பல பாக்கெட்டுகளில் பாதி கோதுமை மாவு. சத்துமாவில் கோதுமையும் இருக்கும். மால்ட் என்றால் பெரும்பாலும் பார்லி. 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுத் தர விதி. அந்தப் பாக்கெட்டுகளின் விலையைப் பார்த்தால் களியே மேல்.

வெளியே சாப்பிடுவது இன்னும் சங்கடம். ஓட்டல் தோசை அரிசியும் உளுந்தும்தான், ஆனால் சப்பாத்தி சுட்ட கல். வடை உளுந்துதான், ஆனால் பூரி பொரித்த எண்ணெய். அதனால் பயணத்தில் இட்லி, அதுவும் சாம்பார் இல்லாமல், வீட்டிலிருந்து கொண்டுபோன நிலக்கடலைப் பொடியோடு. கல்யாண வீடுகளில்தான் வம்பு. கேசரியை மறுத்தால், "ஒரு வாய்தானே, சாமி பிரசாதம்" என்பார்கள். குளூட்டன் என்று விளக்கினால் முகத்தில் ஒரு குழப்பம் வரும். "மருத்துவர் பத்தியம் வைத்திருக்கிறார்" என்றால் உடனே கையை எடுத்துக்கொள்வார்கள். பத்தியம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதை எந்த அறிக்கைக்கும் இல்லை. முதல் ஓராண்டு இதைக் கண்டுபிடிக்காமல் தொண்டை வறள விளக்கிக்கொண்டிருந்தேன்.

ஒன்றரை ஆண்டில் டிடிஜி இயல்புக்கு வந்தது. இப்போது ஹீமோகுளோபின் 11.9, எடை 52.

சென்ற மாதம் சாதாரணக் காய்ச்சல் வந்து மூன்று நாள் விடுப்பில் இருந்தேன். உடன் பணிபுரியும் டீச்சர் ஒருவர் மாலையில் பார்க்க வந்தார். பையை நீட்டும்போதே, "உங்களுக்குக் கோதுமை ஆகாது என்று தெரியும். அதனால் ரொட்டி வாங்கவில்லை" என்றார், பெருமையாக. உள்ளே இரண்டு இளநீர், ஒரு பாக்கெட் ராகி பிஸ்கட். அவர் போன பிறகு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். முதல் பொருளே மைதா. பையன் பள்ளி விட்டு வந்ததும் பிரித்துக்கொண்டான். நான் இளநீரைச் சீவினேன்.