மைண்ட்ஃபுல்னஸ் கிளாஸ்ல "ஏத்துக்கோங்க"ன்னாங்க, "முடியாது"ன்னு சொல்றதை வெளியிலதான் கத்துக்கிட்டேன்

கோவம் இன்னும் முழுசா ஆறல, இருந்தாலும் இப்பவே எழுதிடறேன், ஏன்னா "முடியாது"ன்னு சொல்லக் கத்துக்கலாம்னு மைண்ட்ஃபுல்னஸ் (இப்ப நடக்கிறதை தீர்ப்பு சொல்லாம கவனிக்கிற பயிற்சி) கோர்ஸுக்கு பணம் கட்டப் போற யாருக்காவது உபயோகப்படும். மூச்சை கவனிக்கிறது, பாடி ஸ்கேன் (உடம்பை ஒவ்வொரு பாகமா மனசால கவனிக்கிறது), எண்ணம் வந்தா வந்துட்டுப் போகட்டும்னு விடறது, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

நான் சேர்ந்தது தூக்கத்துக்காக இல்ல. யார் என்ன கேட்டாலும் யோசிக்கிறதுக்கு முன்னாடியே வாயில இருந்து "சரி" வந்துடும், அப்புறம் ராத்திரி பூரா உள்ளுக்குள்ள புகைஞ்சுக்கிட்டே இருக்கும். ஆபீஸ்ல லீவு நாள் வேலை, சொந்தத்துல கைமாத்து, ஃப்ரெண்டோட மணிக்கணக்கான போன், எல்லாத்துக்கும் அதே "சரி"தான். பதட்டம் இல்லாம முடிவெடுக்கணும், எங்க நிறுத்தணும்னு தெரியணும், அதை சண்டை போடாம சொல்ல வரணும், இதுக்காகத்தான் ஒரு ஆன்லைன் கோர்ஸுக்கு மொத்த பணத்தையும் முன்னாடியே கட்டினேன். விளம்பரத்துலயே "எல்லைகளை அமைப்பது எப்படி"ன்னு தனியா ஒரு வரி போட்டிருந்தாங்க.

முதல் சில கிளாஸ் நல்லாவே போச்சு. அதுக்கப்புறம் கேள்வி நேரத்துல நான் கேட்டேன், லீவு அன்னிக்கு மேனேஜர் நம்பர் ஸ்கிரீன்ல வந்தாலே நெஞ்சு இறுகுது, அந்த நேரத்துல என்ன பண்றதுன்னு. "அந்த இறுக்கத்தை அன்போட கவனிங்க, ஏத்துக்கோங்க, நல்லது கெட்டதுன்னு தீர்ப்பு சொல்லாதீங்க"ன்னார் நடத்துறவர். சரி சார், கவனிச்சாச்சு, போனை எடுக்கணுமா வேண்டாமான்னு கேட்டா "இது உங்க ஈகோ கேக்குற கேள்வி"ன்னுட்டு அடுத்த ஆளுக்கு போயிட்டார். மெயில்ல விவரமா எழுதிக் கேட்டேன், எல்லாருக்கும் அனுப்புற அதே பதிலும் ஒரு ஆடியோவும் வந்துச்சு. எல்லை பத்தின பாடம் எப்பன்னு கேட்டதுக்கு "மனசு அமைதியாகிட்டா எல்லையே தேவைப்படாது"ன்னு பதில்.

இது தப்பு, இதை அழுத்தி சொல்லணும். இந்த மாதிரி கோர்ஸ் பலதுக்கும் மூலம் எம்பிஎஸ்ஆர், அதாவது மைண்ட்ஃபுல்னஸ் வழியா மன அழுத்தத்தைக் குறைக்கிற பயிற்சி. ஜான் கபாட்-ஜின் 1979ல மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மெடிக்கல் சென்டர்ல ஆரம்பிச்சது, இன்னைக்கு பொதுவா 8 வாரம் நடக்குது. அவர்கிட்ட ஆரம்பத்துல வந்தவங்கள்ல நிறைய பேர் நாள்பட்ட வலியோட இருந்தவங்க, டாக்டர்கள் இதுக்கு மேல செய்ய ஒன்னும் இல்லன்னு சொன்னவங்க. அவங்களுக்கு "வலி இருக்கு, அதோட நான் சண்டை போடல"ன்னு ஏத்துக்கிறது பெரிய விடுதலை. என் மேனேஜர் கூப்பிடறது தீராத வலி கிடையாது, நான் ரெண்டு வார்த்தை பேசினா நிக்கக்கூடிய விஷயம். நெஞ்சுல வர்ற இறுக்கத்தை ஏத்துக்கிறது வேற, இறுக்கம் வர வைக்கிறவங்க நடந்துக்கிறதையும் சேத்து ஏத்துக்கிறது வேற. இந்த ரெண்டையும் ஒன்னாப் போட்டு குழப்புற இடத்துக்குப் போனா இதுவரைக்கும் பொறுத்துக்கிட்டது பத்தாதுன்னு இன்னும் பொறுத்துக்கத்தான் பழக்குவாங்க.

இன்னொன்னும் பாத்தேன். கண்ணை மூடி மூச்சை கவனிக்கும்போது கூட இருந்த ஒருத்தருக்கு படபடப்பு வந்து அழ ஆரம்பிச்சாங்க, "அதோடயே இருங்க, விடாதீங்க"ன்னு சொல்லிட்டு அப்படியே நடத்திட்டு போனார். தயவுசெஞ்சு இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பழைய அதிர்ச்சி, பேனிக் இருக்கிறவங்களுக்கு மூச்சை உத்து கவனிக்கிறதே சில நேரம் நிலைமையை மோசமாக்கும். கண்ணைத் திறங்க, பாதம் தரையில படறதை கவனிங்க, இல்ல வெளிய கேக்குற சத்தத்தை கவனிங்க, அப்பவும் முடியலன்னா எந்திரிச்சு வந்துடுங்க. திரும்பத் திரும்ப வந்தா மனநல டாக்டர்கிட்டதான் போகணும்.

அங்கேயே கோர்ஸை விட்டுடலாம்னு தோணுச்சு, ஆனா கட்டின பணம் கண்ணு முன்னாடி நின்னுச்சு. 2014ல சைக்கலாஜிக்கல் சயின்ஸ் ஜர்னல்ல ஆண்ட்ரூ ஹாஃபென்பிராக், சோயி கினியாஸ், சிகல் பார்சேட் மூணு பேரும் ஒரு ஆய்வு போட்டிருந்தாங்க. 15 நிமிஷம் மூச்சை கவனிச்ச பிறகு முடிவெடுத்தவங்க, ஏற்கனவே போட்ட பணம் போயிடுமேன்னு வேலைக்காகாத ஒன்னைப் பிடிச்சுத் தொங்குறது குறைவா இருந்துச்சாம். அதை மனசுல வச்சு ஒரு சாயங்காலம் உக்காந்து மூச்சை கவனிச்சேன், முடிச்சதும் ஒரே கேள்வி, இந்த பணமே கட்டாம இருந்தா இன்னைக்கு புதுசா இதுல சேருவேனா? மாட்டேன். அன்னிக்கே மெயில் போட்டுட்டேன். பதட்டமே இல்லாம நான் எடுத்த முதல் முடிவு அதுதான், இப்ப நினைச்சாலும் சந்தோஷமா இருக்கு. ரீஃபண்ட் தரல, பாதியில போனா கிடையாதுன்னு விதிமுறைகள்ல எங்கேயோ ஒரு மூலையில போட்டிருக்காங்க. சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க: பாதியில விட்டா பணம் என்ன ஆகும், நடத்துறவர் எங்க பயிற்சி எடுத்தார், யாருக்காவது முடியாம போனா தனியா பேச ஆள் இருக்கா. பதில் மழுப்பலா வந்தா வேண்டாம்.

அதுக்கப்புறம் நானா படிச்சு செஞ்சு பாத்ததுல எனக்கு நின்னது கொஞ்சம்தான். காலையில அரை மணி நேரம் உக்கார்றதை விட, யாராவது கேக்கும்போது அந்த நிமிஷத்துல நிக்கிறதுதான் வேலை செஞ்சுது. மனச்சோர்வு நோய் (டிப்ரஷன்) திரும்ப வராம இருக்க சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல்னு மூணு பேர் உருவாக்கின, மைண்ட்ஃபுல்னஸை வச்சு செய்ற எம்பிசிடிங்கிற சிகிச்சையில 3 நிமிஷ மூச்சு இடைவெளின்னு ஒன்னு உண்டு. முதல்ல இப்ப உள்ள என்ன ஓடுதுன்னு பாக்கணும், அப்புறம் மூச்சுக்கு மட்டும் வரணும், கடைசியா கவனத்தை உடம்பு பூரா விரிக்கணும். அதை சுருக்கி போன் அடிக்கும்போதே செய்வேன். எனக்கு முதல்ல தோள் ரெண்டும் காதுப் பக்கம் ஏறும், பல் கடிபடும், மூச்சு தொண்டைக்குழி கிட்டயே நின்னுடும். இந்த மூணுல ஒன்னு தெரிஞ்சாலே பதில் சொல்றதில்லன்னு வச்சுக்கிட்டேன். மூச்சை மெதுவா, உள்ள இழுத்ததை விட நீளமா வெளிய விடுவேன், அப்படி விட்டா இதயத்துடிப்பு இறங்கும். வந்திருக்கிறது என்னன்னு மனசுக்குள்ள பேர் சொல்லுவேன், "பயம்", இல்ல "குற்ற உணர்ச்சி". 2007ல அமெரிக்காவுல யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துல மேத்யூ லீபர்மன் குழு மூளை ஸ்கேன் வச்சுப் பண்ண ஆய்வுல, உணர்ச்சிக்கு வார்த்தையில பேர் கொடுக்கும்போது மூளையில பயத்தோட சம்பந்தப்பட்ட அமிக்டலா அடங்குறது தெரிஞ்சுது. எனக்கு பேர் சொன்ன உடனே பயம் போறதில்ல, ஆனா பயம் எனக்காக பதில் சொல்றது நின்னுடுச்சு.

இதோட நிறுத்தினா பாதி வேலைதான். மூச்சு எனக்கு நேரம் வாங்கிக் கொடுக்கும், வார்த்தையை நான்தான் தயார் பண்ணி வச்சிருக்கணும். மார்ஷா லினஹன் உருவாக்கின டிபிடிங்கிற மனநல சிகிச்சையில மைண்ட்ஃபுல்னஸ் ஒரு பகுதி, கேக்குறதும் மறுக்குறதும் எப்படின்னு தனியா இன்னொரு பகுதி, அதைப் படிச்சப்பதான் அந்த கிளாஸ்ல எது இல்லன்னு புரிஞ்சுது. என் வார்த்தைகளை பேப்பர்ல எழுதி சத்தமா சொல்லிப் பாத்தேன். எப்பவும் முதல் வரி "பாத்துட்டு நாளைக்கு மதியத்துக்குள்ள சொல்றேன்". நேரம் சேத்து சொல்லணும், வெறும் "பாக்குறேன்"னு சொன்னா சரின்னு அர்த்தம் எடுத்துக்குவாங்க. காரணத்தை அடுக்காதீங்க, ஒவ்வொரு காரணத்துக்கும் அவங்ககிட்ட ஒரு வழி இருக்கும். அடுத்தவங்க என்ன செய்யக்கூடாதுன்னு உத்தரவு போடாம நான் என்ன செய்வேன்னு சொல்றதுதான் எல்லை. "இனிமே கூப்பிடாதீங்க"ன்னா வாக்குவாதம்தான் வரும், "லீவு அன்னிக்கு போன் எடுக்க மாட்டேன், அடுத்த வேலை நாள் காலையில முதல் வேலையா பாத்துடறேன்"னா பேச அதிகம் இல்ல.

மேனேஜருக்கு இதைத்தான் மெசேஜா போட்டேன், அனுப்புற பட்டனை அமுக்கும்போது கை நடுங்குச்சு. "அர்ஜென்ட்டா இருந்தா?"ன்னு கேட்டார், அதே வரியை அதே தொனியில திரும்ப சொன்னேன். "ஓகே"ன்னு ஒரே வார்த்தை வந்துச்சு. இத்தனை வருஷம் பயந்தது இந்த ஒரு "ஓகே"வுக்கா!

அக்காகிட்ட அவ்வளவு சுலபமா முடியல. திரும்ப கைமாத்து கேட்டா, பழசே வரல. "இந்த தடவை என்னால முடியாதுக்கா"ன்னேன். "நீ மாறிட்ட, முன்ன மாதிரி இல்ல"ன்னு அழுதா, அம்மாகிட்ட சொன்னா, அம்மா எனக்கு போன் பண்ணாங்க. எல்லை போட்ட உடனே எதிர்ப்பக்கம் அழுத்தம் கூடத்தான் செய்யும், இதை எனக்கு முன்னாடியே யாரும் சொல்லல, அதான் இங்க சொல்றேன். அந்த நேரத்துல இறங்கி வந்துட்டா, அழுதா கிடைக்கும்னு நாமளே கத்துக்கொடுத்த மாதிரி ஆயிடும். அன்னிக்கு ராத்திரி வயித்துல கல்லைக் கட்டின மாதிரி குற்ற உணர்ச்சி, அப்பதான் பாடி ஸ்கேன் நிஜமாவே உதவுச்சு. அது வயித்துல எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுதுன்னு பாத்துக்கிட்டே படுத்திருந்தேன், போனை எடுத்து "சரிக்கா அனுப்புறேன்"னு டைப் பண்ணாம விடிஞ்சுது. அக்கா கொஞ்ச நாள் பேசல, இப்ப பேசுறா, பணம் கேக்கல.

வீட்ல அடி உதைன்னு இருந்தாலோ, வாயைத் திறந்தா ஆபத்துன்னு இருந்தாலோ இதெல்லாம் பண்ணி நேரத்தை விடாதீங்க, அங்க முதல்ல பாதுகாப்பான இடமும் உதவிக்கு ஆளும்தான் வேணும்.

ஃப்ரெண்ட் விஷயம் இன்னும் பாக்கி. அவளோட கஷ்டம் நிஜம், அவளை எனக்குப் பிடிக்கும், "முடியாது"ன்னு சொல்ல மனசு வரல, சொல்லவும் வேண்டாம்னுதான் நினைக்கிறேன். இப்பல்லாம் போனை எடுத்ததும் முதல் வரியிலேயே "இன்னைக்கு அரை மணி நேரம் இருக்குடி, சொல்லு"ன்னுடறேன். நேரம் முடிஞ்சதும் வைக்கிறதுலதான் இன்னும் தடுமாறுறேன், அவ அழும்போது எப்படி முடிக்கிறதுன்னு யாருக்காவது நல்ல வழி தெரிஞ்சா சொல்லுங்க.