பெயர் அதேதான், இரும்பு வேறு

எங்கள் கடைக்கு வருகிற பழைய ஆட்கள் ஒரு ஸ்பனரையோ குறட்டையோ கையில் எடுத்தால், விலையைக் கேட்பதற்கு முன்னம் அட்டையைத் திருப்பிப் பார்ப்பார்கள். எழுத்து பொடியாக இருக்கும். கண்ணாடி கொண்டுவராதவர்கள் என்னிடம் நீட்டி, "தம்பி, எங்க செய்ததெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லும்" என்பார்கள். பழைய பெயர் பெற்ற கொம்பனியின் சாமான் இப்போது சீனாவிலோ வேறெங்கோ செய்யப்படுகிறது என்று வாசித்துச் சொன்னதும் முகம் மாறும். சிலர் பேசாமல் வைத்துவிட்டுப் போவார்கள். சிலர் அந்த இடத்திலேயே கொதித்துவிடுவார்கள். "பேர் அந்தப் பேர்தான். காசும் அந்தக் காசுதான். சாமான் மட்டும் ஏன் வேற?"

திருகோணமலை நகரத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில், கவுண்டருக்குப் பின்னால் நின்றே என் வேலைக்காலம் போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் கேள்விக்கு நான் இன்னும் ஒழுங்கான பதில் சொல்லி முடிக்கவில்லை. கேட்கிறவர்கள் பொழுதுபோக்குக்காகக் கருவி வாங்குகிறவர்கள் இல்லை. ஓடாவி, மேசன், இஞ்சின் திருத்துகிறவர், வயரிங் வேலைக்காரர். கருவி பழுதானால் அன்றைய கூலி போகும்.

எங்கள் ஊரில் நல்ல கைக்கருவி என்பது எப்போதுமே கடல் கடந்து வந்த சாமான்தான். பிரித்தானியக் கடற்படை 1957இல் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போகும்வரை டொக்யாட் பட்டறைகளில் வேலை செய்த குடும்பங்கள் இங்கே நிறைய. அந்தக் காலத்து ஸ்பனர்கள் இன்னும் சில வீடுகளில் கிடக்கின்றன. ஒரு பொடியன் தன் தாத்தாவின் ஸ்பனர் ஒன்றைக் கொண்டுவந்து, "அண்ணா, இது எத்தனை மில்லிமீற்றர்?" என்று கேட்டான். கறுப்பு இரும்பு, மினுக்கம் எதுவும் இல்லை. கைபிடியில் அரச உடைமை என்பதற்கான அம்புக்குறி குத்தியிருந்தது. பக்கத்தில் ½ என்றும் W என்றும் இருந்தது. விட்வேர்த் என்ற பழைய பிரித்தானிய அங்குல அளவு அது. எழுதியிருப்பது போல்ட்டின் தண்டு அளவு, ஸ்பனர் வாயின் அகலம் அதைவிடப் பெரிது. அதனால்தான் பொடியனுக்குக் கணக்கு ஒத்துவரவில்லை. நான் பார்த்தது வாயின் உள் மூலைகளை. அத்தனை வருசம் இழுத்தும் மூலை மூலையாகவே இருந்தது, எங்கும் விரியவில்லை.

அப்படிப்பட்ட இரும்போடு வேலை பழகியவர்களின் கைக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. அவர்கள் சீனாவையோ வேறு எந்த நாட்டையோ வெறுக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. இங்கிலாந்தின் உருக்கு நகரமான ஷெஃபீல்ட் பெயர் பொறித்த சீவுளி அலகு தீட்டினால் எத்தனை பலகைக்குக் கூர் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதே பெயரில் இன்று வருவது அதில் பாதி தூரம் போகாமல் மழுங்கினால், அந்தக் கணக்குப் பொய்த்த கோபம்தான் அது.

இந்தக் கோபம் எங்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. அமெரிக்காவில் சியர்ஸ் கடைகள் 1927 முதல் கிராஃப்ட்ஸ்மன் என்ற பெயரில் கருவி விற்றன. கைக்கருவிக்கு ஆயுட்கால உத்தரவாதம். உடைந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தால் புதியது தருவார்கள். அந்த வாக்குறுதியை நம்பித் தகப்பன் வாங்கினார், மகனும் வாங்கினான். பிறகு உற்பத்தி கொஞ்சம் கொஞ்சமாகச் சீனாவுக்கும் தைவானுக்கும் போனது. அமெரிக்காவில் செய்த பழைய ராச்செட்டைக் கொடுத்துவிட்டு, வேறெங்கோ செய்த புதியதை வாங்கிக்கொண்டு வெளியே வந்த வாடிக்கையாளரின் மனநிலை எனக்கு நன்றாகவே விளங்குகிறது. உத்தரவாதத்தை மீறிவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. ஆனால் கொடுத்த சாமானும் வாங்கிய சாமானும் ஒன்றில்லை.

2017இல் அந்தப் பெயரை ஸ்டான்லி பிளாக் அன்ட் டெக்கர் வாங்கியது. உற்பத்தியை அமெரிக்காவுக்கே திருப்பிக் கொண்டுவருவதாகச் சொல்லி, டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வேர்த்தில் ஒரு தொழிற்சாலை கட்டுவதாக 2019இல் அறிவித்தார்கள். தானியங்கி இயந்திரங்கள் போட்டார்கள். அவை எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 2023இல் மூடுவதாக அறிவிப்பு வந்தது. எனக்கு இதில் மனதைத் தைத்தது காசு போனது இல்லை. ஒரு ஸ்பனரை அடித்து, பதம் போட்டு, கோணாமல் எடுக்கத் தெரிந்த ஆட்கள் ஒருமுறை கலைந்துவிட்டால், அவ்வளவு பெரிய கொம்பனி, அவ்வளவு பெரிய நாடு, அப்படியிருந்தும் திரும்பச் சேர்ப்பது அந்தப் பாடு. அப்ப நாங்கள் என்ன செய்வோம்?

சரி, உண்மையில் எது மாறுகிறது? அடியில் இருப்பது துவைச்சல், அதாவது இரும்புக்குப் பதம் போடுவது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கடினமாகும், ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கவும் பார்க்கும். அதனால் திரும்பவும் இளஞ்சூட்டில் வைத்து அந்த வெடிப்புக் குணத்தைக் குறைக்க வேண்டும். இந்த இரண்டாவது சூடுதான் கருவியின் உயிர். நேரமும் எரிபொருளும் அதில்தான் போகும். செலவைக் குறைக்க நினைக்கிறவர் கை வைப்பதும் அங்கேதான், ஏனென்றால் குரோம் பூசிய பிறகு அதை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. நல்ல குறட்டின் வெட்டும் விளிம்பு, கடினத்தை அளக்கிற ரொக்வெல் அளவில் 60ஐ ஒட்டி நிற்கும். கம்பி வெட்ட வெட்ட விளிம்பில் பள்ளம் விழுகிறதென்றால் அந்த எண் அங்கே இல்லை என்று அர்த்தம். அட்டையில் குரோம் வனேடியம் என்று எழுதியிருப்பது உருக்கில் என்ன கலந்திருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். எப்படிக் காய்ச்சினார்கள் என்று சொல்லாது.

பூச்சிலும் அதே கதை. குரோமுக்கு அடியில் நிக்கல் கனமாக இருக்க வேண்டும். அதை மெல்லிசாக்கினால் கொழும்பில் அலுமாரிக்குள் இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. எங்கள் ஊரின் உப்புக்காற்றில் புள்ளி புள்ளியாகத் துரு எழும்பி, குரோம் செதில் செதிலாக உரியும். அந்தச் செதில் பிளேட் மாதிரி விரலைக் கிழிக்கும். கையில் துணி சுற்றிக்கொண்டு வந்து ஸ்பனரைக் காட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

திருக்கடலூரில் படகு இஞ்சின் திருத்துகிற ஒரு அண்ணை ஒரு மத்தியானம் வந்து ஒரு சொக்கெட்டைக் கவுண்டரில் வைத்தார். 10 மில்லிமீற்றர். வெளியில் வெடிப்பில்லை. உள்ளே விரலை விட்டுப் பார்த்தால் ஆறு மூலையும் வழுவழுவென்று வட்டமாகியிருந்தது. வெளியிணைப்பு இஞ்சினில் துருப்பிடியா உருக்குப் போல்ட், அலுமினிய உடலுக்குள் இறங்கியிருக்கும். நடுவில் உப்புத்தண்ணீர் ஊறினால் அலுமினியம் அரித்து வெள்ளை மாவாகி, போல்ட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதைக் கழற்ற இறுக்கிப் பிடிக்கிற சொக்கெட் வேண்டும். இவருடையது விரிந்துகொடுத்தது. அதோடு போல்ட்டின் தலையும் உருண்டுவிட்டது. பிறகு சூடு காட்டி, நட்டு ஒட்டி வெல்டிங் அடித்து, அதுவும் சரிவராமல் துளைபோட்டு எடுத்து, புது மரை வெட்டி... சித்திரை தொடங்கிப் புரட்டாதி மட்டும் எங்கள் பக்கத்துக் கடல் வேலை செய்ய விடும். வடகீழ்ப் பருவக்காற்று வந்தால் படகு கரையில்தான். அந்த நல்ல காலத்தில் ஒரு படகு இஞ்சின் இல்லாமல் மணலில் கிடந்தது. அதை நம்பி இருந்த வீடுகள் எத்தனை?

"சொக்கெட்டின்ர காச நான் கேட்க வரேல்ல" என்றார் அவர். "எந்தப் பேர நம்பி வாங்குறதெண்டு கேட்க வந்தனான்."

அந்தச் செட்டின் பெட்டியிலும் ஆயுட்கால உத்தரவாதம் என்று அச்சடித்திருந்தது. இறக்குமதி செய்தவரிடம் அனுப்பினோம். முழுச் செட்டையும் பெட்டியோடும் பில்லோடும் கொழும்புக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அப்புறம் தவறாகப் பாவித்ததால் வந்த சேதம் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். சொக்கெட்டைப் போல்ட்டில் மாட்டித் திருப்புவதைத் தவிர வேறெப்படிப் பாவிப்பது? எங்கள் முதலாளி தன் கையால் வேறொன்று கொடுத்தார். உலகமெல்லாம் செல்லும் என்று சொல்லுகிற உத்தரவாதம் கொழும்பு வழியிலுள்ள ஹபரணைக் காட்டைத் தாண்டி எங்களிடம் வந்துசேருவதில்லை. இது எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்தான்.

ஆனாலும் நாட்டின் பெயரை வைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. எங்கள் தட்டில் கிடக்கிற சொக்கெட்டுகளில் அதிகம் பாராட்டு வாங்குவது தைவான் சரக்கு. இந்தியாவின் டபாரியா ஒரு சுவீடன் கொம்பனியின் தொழில்நுட்ப உதவியோடு 1969இல் கைக்கருவி செய்யத் தொடங்கியது. முதலில் இதுவும் இடம் மாறிய உற்பத்திதான். இன்று எங்கள் வயரிங்காரர்கள் அந்தக் குறட்டைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். வித்தை போகலாம், வரலாம், யாரும் படிக்கலாம். மறுபக்கம், ஜேர்மனியின் வுப்பர்டால் நகரத்தில் 1882இல் தொடங்கிய நிபெக்ஸ் இன்னும் அங்கேயே குறடு செய்கிறது. விலை எங்கள் ஆட்களுக்கு எட்டாது. ஆனால் இடத்தை மாற்றாமலும் கொம்பனி நடத்தலாம் என்பதற்கு அது கண்முன்னே இருக்கிற சாட்சி.

ஒரு மொத்த வியாபாரியின் ஆள் எனக்கு வெளிப்படையாகவே சொன்னார்: அச்சு ஒன்றுதான், எந்த விலைக்கு வேண்டும் என்று கேட்பார்கள், அந்த விலைக்குத் தகுந்த உருக்கு, அந்த விலைக்குத் தகுந்த சூளை நேரம். ஆக, கடைசித் தரத்தைக் கேட்டு வாங்குகிறவர் யாரோ, கேள்வி அவருக்குப் போக வேண்டும். தொழிற்சாலையில் வேலை செய்கிற மனிசனுக்குப் போகக் கூடாது. பழைய பெயருக்கு மக்கள் வைத்திருந்த நம்பிக்கையைக் காசு கொடுத்து வாங்கி, அந்தப் பெயரைக் குறைந்த இரும்பில் குத்தி, பழைய விலைக்கு அருகிலேயே விற்கிறார்களே, என்னால் பொறுக்க முடியாதது அதுதான். புதுப் பெயரில் மலிவாக வருகிற சீனச் சாமான் அந்த வகையில் நேர்மையானது. இவ்வளவு காசு, இவ்வளவு நாள் என்று வாங்குகிறவருக்குத் தெரியும்.

2022இல் இந்தப் பேச்செல்லாம் கொஞ்ச நாள் அடங்கிப்போனது. வருசத் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டி இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. நல்ல குறடு வாங்கியவர்கள் நடுத்தரத்துக்கு இறங்கினார்கள், நடுத்தரம் வாங்கியவர்கள் அடியில் கிடந்ததை எடுத்தார்கள். விலை குறைந்ததை வாங்கி, உடைத்து, திரும்ப வாங்குவது ஏழைக்குத்தான் கூடச் செலவு. எல்லாருக்கும் தெரியும், ஆனால் கையில் மொத்தமாகக் காசு இல்லாதவருக்கு வேறு வழி? அந்த நேரத்தில் பழைய இரும்புக்காரரின் சைக்கிளிலும் லொறியிலும் டொக்யாட் காலத்து வைஸ், அரம், ஸ்பனர் எல்லாம் நிறைக்குப் போனது. அரிசிக்குக் காசு வேண்டும் என்று விற்றவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த இரும்பை இனி எங்கே தேடுவது?

லொறியின் பழைய ஸ்பிரிங் பட்டையை வாங்கிக் கத்தி, உளி அடித்துக் கொடுக்கிற கொல்லர் பட்டறைகள் எங்கள் பக்கம் இன்னும் அங்கங்கே இருக்கின்றன. அதில் ஒருவரின் பட்டறையில் நின்று பார்த்தேன். உளியின் நுனியைத் தண்ணீரில் தொட்டு எடுத்து, கல்லில் உரசி வெள்ளையாக்கி, உள்ளிருந்து சூடு நுனிக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளிர்மஞ்சள் வந்தது, வைக்கோல் நிறமானது, மண்ணிறம் தொடங்கும்போது முழுவதையும் தண்ணீரில் போட்டார். ரொக்வெல் இயந்திரம் எதுவும் இல்லை. "நீலம் வரவிட்டா மிருதுவாப் போயிடும் தம்பி, அது சுத்தியலுக்குச் சரி, உளிக்குச் சரியில்ல" என்றார். அந்த உளியைக் கிண்ணியாவிலிருந்து வருகிற ஒரு ஓடாவி நானாவுக்குக் கொடுத்தோம். பெட்டியில் பளபளவென்று வந்த உளியை விட அதுதான் கூர் நின்றது என்று சொல்லி, இன்னும் இரண்டு அளவு கேட்டார். கொல்லரின் மகன் கொழும்பில் தொலைபேசிக் கடையில் வேலை செய்கிறார்.

இறக்குமதி செய்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிய விசயம் இல்லை. எந்த நாடு என்று எழுதுவதோடு நிறுத்தாமல் என்ன உருக்கு, எவ்வளவு கடினம் என்ற எண்ணையும் அட்டையில் போடுங்கள். செட்டில் ஒன்று போனால் அந்த ஒன்றைத் தனியாக வாங்க வழி வையுங்கள். உத்தரவாதம் என்று அச்சடித்தால், மாற்றிக் கொடுக்கிற அதிகாரத்தையும் விற்கிற கடைக்கே கொடுங்கள்.

அதுவரைக்கும் எங்களால் ஆனதைச் செய்கிறோம். முதலாளியிடம் சொல்லி, நல்ல தரத்தில் 10, 12, 14 மில்லிமீற்றர் அறுமூலைச் சொக்கெட்டுகளைத் தனித்தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். படகு இஞ்சின் வேலையில் பாதிக்கு மேல் இந்த அளவுகளிலேயே முடியும். முழுச் செட்டுக்குக் காசு இல்லாதவர் தனக்கு வேண்டிய அளவை மட்டும் வாங்கிக்கொண்டு போகலாம். திருக்கடலூர் அண்ணை முதலில் 10ஐ வாங்கினார். அடுத்த முறை வந்தபோது அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, 12ஐக் கேட்டார்.