முயல் உடம்பில் கட்டி தட்டுப்பட்டால்

முதலில் இடத்தைப் பாருங்கள். தாடைக்குக் கீழே, எலும்போடு ஒட்டி நகராமல் இருந்தால் பெரும்பாலும் பல்வேரில் பிடித்த சீழ்க்கட்டி. பெண் முயலின் கழுத்தடியில் மெத்தென்று தொங்கும் சதை மடிப்பு கட்டியே அல்ல, பதற வேண்டாம்.

முயலின் சீழ் நீர்த்திருக்காது, பற்பசை மாதிரி கெட்டி. அதனால்தான் ஊசியால் குத்தினாலும் பிதுக்கினாலும் சரியாக வடியாது. சீழைச் சுற்றியுள்ள உறை கிழிந்து, சீழ் உள்ளே பரவுவதுதான் மிச்சம். முடிந்தால் உறையோடு சேர்த்து வெட்டி எடுப்பதே நல்லது. தாடைக் கட்டி என்றால் எக்ஸ்ரே எடுத்து, கெட்ட பல்லையும் பிடுங்க வேண்டும். விட்டுவைத்தால் திரும்ப வரும். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் மருந்தை மட்டும் வாயில் ஊற்றிவிடாதீர்கள். குடல் நுண்ணுயிர்களைக் குலைத்து உயிரையே வாங்கிவிடும்.

கருப்பை எடுக்காத பெண் முயலுக்கு முலைக்காம்பருகே கட்டி வந்தால் கருப்பையையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். வீக்கத்தின் நடுவே சிறு துளை தெரிந்தால் உள்ளே ஈப்புழு இருக்கலாம். நீங்களே இழுக்காதீர்கள், நசுங்கினால் ஆபத்து.

கட்டியை ஸ்கேலால் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். அறுவைக்கு முன் பட்டினி போடவே கூடாது: முயலுக்கு வாந்தி வராது, வயிறு காய்ந்தால் குடல்தான் நின்றுபோகும். தீனி 12 மணி நேரம் தொடவில்லையென்றால் கட்டியை மறந்துவிட்டு உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.