கரண்ட் வந்தும் எழாத பேக்கேஜ்கள்

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார் ஓடுகிறதா என்று அப்பா போனிலேயே பார்த்துக்கொள்வார். அதற்கான மஸ்கிட்டோ, அதாவது மோட்டார் நிலையைச் செய்தியாக வாங்கிப் போனுக்குக் கொடுக்கும் மென்பொருள், வீட்டு ரவுட்டரில் ஓடுகிறது. ஓபன்டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட ரவுட்டர். அதன் உள் சேமிப்பிடமான ஃபிளாஷ் 16 எம்பிதான். அதனால் பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்கை யூஎஸ்பியில் மாட்டி, எக்ஸ்ட்ரூட் முறையில் (நாம் சேர்ப்பதும் மாற்றுவதும் ஃபிளாஷுக்குப் பதில் வெளி டிஸ்கில் போய் நிற்கும்) பேக்கேஜ்களை அதில் நிறுவியிருந்தேன்.

கரண்ட் போய் வந்தால் அப்பாவிடமிருந்து போன் வரும். “கண்ணு, நெட்டு வருது. மோட்டார் மட்டும் காட்ட மாட்டேங்குது.” கோயம்புத்தூரிலிருந்து உள்ளே நுழையவும் வழியில்லை, விபிஎன் பேக்கேஜும் எழுந்திருக்காது. ஆனால் நல்ல நாளில் நானே ரீபூட் கொடுத்தால் ஒருமுறைகூடத் தவறியதில்லை. இதுதான் என்னை வெகுநாள் அலைக்கழித்தது. பூட்டில் தானாகத் தொடங்கும்படி மஸ்கிட்டோவை எனேபிள் செய்யாமல் விட்டேனோ என்று பார்த்தேன், அதற்கான ஆர்சி.டி அடைவில் இணைப்பு சரியாகவே இருந்தது. பூட்டின் கடைசியில் ஓடும் ஆர்சி.லோக்கல் கோப்பில், சில நொடி காத்திருக்கச் சொல்லும் ஸ்லீப் போட்டும் பலனில்லை.

போன சனிக்கிழமை பஸ் ஏறிவிட்டேன். மெயினை அணைத்து, கால் மணி நேரம் கழித்துப் போட்டேன். வைஃபை பழைய பெயரில் வந்தது, நான் எப்போதோ மாற்றிய பெயர்! அங்கேயே பாதி விளங்கிவிட்டது. எந்தச் சேமிப்பிடம் பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும் டிஎஃப் கட்டளையில், என் மாற்றங்கள் சேரும் ஓவர்லே பகுதி டிஸ்கில் இல்லாமல் ஃபிளாஷில் நின்றது. மஸ்கிட்டோ ஓடத் தவறவில்லை, அந்த நேரத்தில் அது அங்கே இல்லவே இல்லை. நான் ஸ்லீப் எழுதிய கோப்பும் டிஸ்கில்தானே இருந்தது!

லாக்கில் பார்த்தால், எக்ஸ்ட்ரூட் டிஸ்கைத் தேடிக் கிடைக்காமல் விட்டுவிட்ட சில நொடி கழித்தே டிஸ்க் தென்பட்டிருந்தது. குளிர்ந்து நின்ற டிஸ்க் சுழன்று தயாராக அவ்வளவு நேரம் பிடிக்கிறது. என் ரீபூட்டில் யூஎஸ்பிக்குப் போகும் மின்சாரம் அறுவதில்லை; டிஸ்க் சுழன்றுகொண்டே இருக்கும்.

எந்த டிஸ்கை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கான்ஃபிக்கில், குளோபல் பகுதியில் டிலே_ரூட் என்று ஒன்று உண்டு; டிஸ்க் தென்படும்வரை எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று அதில் சொல்லலாம். அதை 15 நொடி வைத்தேன். ஒன்றை மறக்கக் கூடாது: பூட்டின் தொடக்கத்தில் படிக்கப்படுவது ஃபிளாஷில் உள்ள கோப்பு. டிஸ்க் ஏறிய நிலையில் திருத்தினால் டிஸ்கில் உள்ள நகல்தான் மாறும். அதனால் டிஸ்கைக் கழற்றிவிட்டுப் பூட் செய்து திருத்தினேன். டிஸ்கைப் படிக்கத் தேவையான யூஎஸ்பி, எக்ஸ்ட்4 கர்னல் மாட்யூல்களும், அதை ஏற்றும் பிளாக்-மவுண்ட் பேக்கேஜும் ஃபிளாஷிலேயே இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் அப்பாவையே மெயினை அணைத்துப் போடச் சொன்னேன். மூன்று தடவையும் மோட்டார் போனில் தெரிந்தது.