தக்கலையில் ஒரு ஜிக்

அயர்லாந்து நடனம் சொல்லிக்கொடுக்கிறேன் என்றால் தக்கலைப் பக்கம் யாரும் லேசில் நம்புவதில்லை, நம்புகிறவர்களும் உடனே செல்போனில் ரிவர்டான்ஸ் வீடியோவைப் போட்டு "இதுதானே அக்கா?" என்று கேட்பார்கள். அதுவும்தான். 1994-இல் டப்ளினில் யூரோவிஷன் பாட்டுப் போட்டி நடந்தபோது இடைவேளையில் 7 நிமிடம் போல ஆடியது, இசை பில் வீலன், ஆடியவர்களில் முன்னால் நின்றவர்கள் ஜீன் பட்லரும் மைக்கேல் ஃபிளாட்லியும். ஆனால் அது மேடைக்கென்று செய்தது. நர்ஸ் வேலைக்குப் போன இடத்தில் ஊர் மண்டபங்களில் நான் பார்த்தது வேறு, பாட்டியும் பேரனும் கைகோத்துக்கொண்டு, கால் தப்பினால் சிரித்துவிட்டு, வேர்த்து ஒழுக ஆடுகிற ஆட்டம். கெய்லி என்பார்கள். நான் சொல்லித்தருவது அதைத்தான்.

நம்ம பிள்ளைகளுக்கு இதில் ஒரு சௌகரியம், களியல். விளக்கைச் சுற்றிக் கோல் அடித்து வளர்ந்த பிள்ளைக்கு வட்டம் குலையாமல் நகரவும், எதிரே வருகிறவருக்கு வழிவிடவும் தனியாகச் சொல்ல வேண்டாம். பரதநாட்டியம் படித்த பிள்ளைகள்தான் கொஞ்சம் திணறும், அரைமண்டி ஊறிப்போன உடம்பு, இங்கே முழங்கால் நிமிர்ந்து, முன்னங்காலில் நின்று துள்ள வேண்டும். தனி ஆட்டமென்றால் கை இரண்டும் விலாவோடு ஒட்டிக் கிடக்கும். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு கதை, நான் எதையும் நம்புவதில்லை, ஏனென்றால் அயர்லாந்துக்கு மேற்கோரம் கானமாராவில் ஷான்-நோஸ் என்கிற பழைய ஆட்டத்தில் கை இஷ்டத்துக்கு வீசும்.

தாளத்துக்கு நோட்டேஷனே எழுதிப் போடுவதில்லை. ஆட்டத்திலும் மெட்டிலும் வகைகள் உண்டு: ஜிக் என்றால் தகிட தகிட. ஸ்லிப் ஜிக் என்றால் தகிட மூன்று. ரீல் என்றால் தகதிமி தகதிமி. முதலில் வாய், அப்புறம் கைதட்டல், அதற்கப்புறம்தான் கால். அங்கேயும் வாத்தியம் இல்லாத வீடுகளில் வாயாலேயே மெட்டுப் போட்டு ஆடியிருக்கிறார்கள், லில்ட்டிங் என்று அதற்கு ஒரு பேரும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போன நடன வாத்தியார்கள், வலது இடது தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு காலில் வைக்கோலும் மறு காலில் காய்ந்த புல்லும் கட்டிவிடுவார்களாம். சரி என்று நானும் ஒரு காலில் தென்னோலையும் இன்னொன்றில் வாழைநாரும் கட்டி, "ஓலை! நார்! ஓலை!" என்று கத்தினேன். சிரித்து முடித்தார்கள், ஆனால் பக்கவாட்டில் ஏழடி வைத்து, பிறகு மூன்றடியை இரண்டு தடவை வைக்கிற அந்தச் சிக்கலான இடம் அன்றைக்கே பிடிபட்டுவிட்டது.

இசைக்கு டின் விசில் என்கிற சின்னக் குழல், ஆறு துளை, விலையும் கம்மி. பெரும்பாலான மெட்டுகள் இரண்டு பாகம், பாகத்துக்கு எட்டு 'பார்' (தாளக் கட்டம்), ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசித்து அடுத்த மெட்டுக்குத் தாவ வேண்டியதுதான். கேட்டுக் கேட்டுத்தான் படிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அதற்காகப் புத்தகமே இல்லையென்று இல்லை, சிக்காகோவில் போலீஸ் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல் 1903-இல் 1,850 மெட்டுகளைத் தொகுத்துப் போட்டார் (போலீஸ்காரருக்கு வந்த ஆசையைப் பாருங்கள்). பௌரான் என்று ஆட்டுத்தோல் கட்டிய ஒரு பறையும் வைத்திருக்கிறேன், ஆனி ஆடி மழையில் தோல் தொய்ந்து தொப்பென்று கேட்கும், அந்த மாதங்களில் அதைத் தொடுவதே இல்லை.

பெற்றோர் கேட்கிற முதல் கேள்வி, சர்ட்டிஃபிகேட் உண்டா? கிடையாது. அங்கே போட்டிக்கென்றே தனி உலகம் இருக்கிறது, சுருள்முடி விக், மினுங்குகிற கவுன், ஒரு கவுன் விலையில் இங்கே நகை எடுக்கலாம். எனக்கு அது வேண்டாம்.

இந்தக் கிறிஸ்துமஸுக்குக் களியலுக்கு முன்னால் 'வால்ஸ் ஆஃப் லிமரிக்' ஆடப்போகிறோம், இரண்டு ஜோடி எதிரெதிரே நின்று ஆடிவிட்டு அடுத்த ஜோடியைத் தேடிப் போகிற ஆட்டம், யாரும் சும்மா நிற்க முடியாது. ஒத்திகைக்கு வந்த களியல் ஆசான் கடைசிவரை நின்று பார்த்துவிட்டு, "கோலு இல்லாம என்ன ஆட்டம் மக்களே" என்றார், ஆனால் போகும்போது கால் தாளம் போட்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வர விருப்பமுள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மண்டபத்துக்கு வாருங்கள். ஷூ எதுவும் வாங்க வேண்டாம், டைல்ஸில் வழுக்கும், வெறுங்கால் போதும்.